சாமுராய்ப் படமும் நெகிரி செம்பிலான் தோட்டங்களும்

மலாயாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஜப்பானிய வாளைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே நேரில் பார்த்துவிட்டார்கள். 1942 ஜனவரி 14 அன்று கெமாஸ் அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து தாக்கியும் ஜப்பானியரை நிறுத்த முடியவில்லை. அடுத்த மாதம் சிங்கப்பூரும் வீழ்ந்தது. தொடர்ந்த மூன்றரை ஆண்டுகளுக்குத் தோட்டத்தில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்றே பெயர். ரப்பருக்குச் சந்தை போயிற்று. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் ஆள் பிடித்துச் சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். மலாயாவிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அதே லயங்களின் இளைஞர்கள் பலர் ஜப்பானியர் துணையோடு இயங்கிய நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் விரும்பிச் சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

அதே காலத்தில் மலாயா ஜப்பானியத் திரைக்கும் போனது. திரெங்கானுவில் வளர்ந்து ஜப்பானிய இராணுவத்துக்கு உளவு பார்த்த தானி யுத்தாக்காவை வீரனாக்கி, 1943இல் ‘மலாயாப் புலி’ என்ற பிரச்சாரப் படத்தை வெளியிட்டது ஜப்பானின் டாயெய் திரைப்பட நிறுவனம். ஏழே ஆண்டுகளில் இதே நிறுவனம்தான் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தையும் தந்தது. காட்டுக்குள் ஒரு சாமுராய் இறந்துகிடக்கிறான். கொள்ளையன், மனைவி, ஆவியாய் வந்த சாமுராய், விறகுவெட்டி என நால்வர் நான்கு விதமாய்ச் சொல்கிறார்கள். எழுத்தாளர் அகுத்தாகவாவின் சிறுகதைகளே மூலம். டாயெய் தலைவர் மசாயிச்சி நாகாத்தாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் கிடைத்ததும் பெருமையைத் தனதாக்கிக்கொண்டார். குரோசாவா தன் சுயசரிதையில் இதைக் கசப்போடு எழுதியிருக்கிறார். மலாயாத் திரையரங்குகளில் கோலோச்சிய ஷா சகோதரர்களோடு நாகாத்தா கைகோத்து நடத்திய தென்கிழக்காசியத் திரைப்பட விழா 1954இல் தோக்கியோவிலும் 1955இல் சிங்கப்பூரிலும் நடந்தது.

ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாய்ச் சொல்லும் ரஷோமோன் கதைமுறைக்குத் தமிழில் முதல் பெரிய உதாரணம் ‘அந்த நாள்’. வீணைக் கலைஞர் எஸ்.பாலசந்தர் இயக்கி, ஏவிஎம் தயாரித்து, 1954 ஏப்ரல் 13 அன்று வெளிவந்தது. அதே மாதம் 26ஆம் தேதி ஜப்பானில் ‘ஏழு சாமுராய்’ வந்தது. ‘அந்த நாள்’ படத்தில் பாட்டு கிடையாது, நடனமும் கிடையாது. 1943இல் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நேரத்தில், ராஜன் என்ற வானொலிப் பொறியாளன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஜாவர் சீதாராமன் வசனம் எழுதியதோடு துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். ராஜனாகச் சிவாஜி கணேசன், மனைவியாகப் பண்டரிபாய். படத்தின் அமைப்பு ரஷோமோனைவிட ‘தி உமன் இன் குவெஸ்சன்’ என்ற ஆங்கிலப் படத்துக்கு நெருக்கம் என்பாரும் உண்டு; அது சரியென்றே தோன்றுகிறது. கொலையானவனே ஜப்பானியரின் உளவாளி, அதுவும் தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்று வெறுத்துப்போனவன் என்பதுதான் பாலசந்தரின் சொந்தச் சரக்கு. ஒரே லயத்தில் ஒருவன் ரயில் பாதைக்கும் இன்னொருவன் இந்திய தேசிய இராணுவத்துக்கும் போன மலாயாவில், இந்த ராஜனைத் துரோகி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சென்னையில் போல் எளிதாக இருந்திருக்காது. வெளியான காலத்தில் படம் வசூலில் தோற்றது; புகழ் பிறகு வந்தது.

மீண்டும் தோட்டத்துக்கு வந்தால், அங்கே படம் பார்ப்பது வெகுகாலம் திடலில் கட்டிய வெள்ளைத்துணியில்தான். 1946இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட் தமிழிலும் செய்திப்படங்கள் தந்தது. கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிராக 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்க வேன்கள், மக்களைக் குடியமர்த்திய புதுக்கிராமங்களோடு தோட்டங்களுக்கும் போய்ப் படம் போட்டன. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் இரவில் கண்விழித்துப் பார்த்தார்கள். சிரம்பான் கொட்டகைக்குப் போவது பெருநாள் சமாச்சாரம். 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது, எண்பதுகளில் வீடியோ. ரப்பர் செம்பனையாகி, செம்பனையில் ஒரு பகுதி வீடமைப்புத் திட்டமானபோது திடல்களும் மறைந்தன.

இன்று ‘ரஷோமோன்’, ‘ஏழு சாமுராய்’ இரண்டும் க்ரைட்டீரியன் நிறுவன வெளியீடாக ஆங்கிலத் துணையுரையோடு வட்டில் கிடைக்கின்றன. இரண்டாவது 207 நிமிடம், இடைவேளையும் உண்டு. முதன்முறை பார்ப்பவருக்கு 88 நிமிட ‘ரஷோமோன்’ போதும். ‘அந்த நாள்’ யூடியூபில் முழுதாக இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு ரஷோமோனுக்குப் போவது நல்லது.