கொடைக்கானலில் நடந்த ஒரு சின்னப் பள்ளி

'மாண்டிசோரி' என்ற பெயர்ப்பலகை இப்போது நம் ஊரில் பல தெருக்களில் தொங்குகிறது. சுவரெல்லாம் வண்ணம், வாசலில் ஒட்டகச்சிவிங்கிப் படம், உள்ளே எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று வகுப்புகள். பேரனை, பேத்தியைச் சேர்க்கப் போனவர்களுக்குக் கட்டணம் எவ்வளவு என்பது நன்றாகத் தெரியும். அந்தப் பெயருக்கு உரிய அம்மையார் நம் பக்கத்திலேயே, சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும், ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. பெரிய பிள்ளைகளுக்கான அவருடைய பாடமுறை கொடைக்கானலில் ஒரு சின்னப் பள்ளியில்தான் விரிவான வடிவம் பெற்றது. அதைப் பற்றியும் அங்கே கற்பித்தவர்களைப் பற்றியும் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியில் பிறந்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் மருத்துவம் படித்த பெண்களை அங்கே விரல் விட்டு எண்ணிவிடலாம். 'மந்த புத்தி' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவைத்த குழந்தைகளோடுதான் அவருடைய வேலை தொடங்கியது. இவர்களுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்விதான் என்று அவருக்குப் பட்டது. அந்தக் கல்வியை எப்படிக் கொடுப்பது என்று தேடியபோது இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் எழுத்துகள் கையில் கிடைத்தன.

ஒருவர் இத்தார். 1800-ல் அவேரோன் பகுதியின் காடுகளிலிருந்து வெளிப்பட்ட, பேச்சே இல்லாத ஒரு சிறுவனைப் பாரிஸில் வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் பாடுபட்டவர். த்ருஃபோ எடுத்த 'லான்ஃபான் சொவாழ்' என்ற 1970-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். இத்தாராக நடித்தவரும் த்ருஃபோவேதான். மற்றவர் இத்தாரின் சீடர் செகேன். தொட்டுப் பார்த்தும், அடுக்கிப் பார்த்தும், பொருத்திப் பார்த்தும் கற்பதற்கான பொருள்களைச் செய்து, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்.

இந்த இருவர் எழுதியதையும் மாண்டிசோரி அம்மையார் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தன் கைப்பட எழுதினார். செகேனுடைய புத்தகம் மட்டுமே 600 பக்கத்துக்கு மேல். ஒவ்வொரு சொல்லின் எடையையும் உணர நேரம் வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குப்பை கொட்டிய எனக்கு இது நன்றாகப் புரிகிறது. படித்துவிட்டு மேலே அனுப்பிய கோப்பு மறந்துபோகும். கைப்பட நகல் எடுத்த கோப்பு பத்து வருஷம் கழித்தும் நினைவில் நிற்கும்.

1907 ஜனவரி 6-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. தாயும் தகப்பனும் கூலி வேலைக்குப் போனபின் மாடிப்படிகளிலும் சுவர்களிலும் கிறுக்கிக்கொண்டு திரிந்த ஐம்பது, அறுபது பிள்ளைகள் அங்கே வந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்ட பெண் முறையாக ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்ல. அது நல்லதாகப் போயிற்று என்றே அம்மையார் நினைத்தார். பழைய வழக்கங்கள் எதுவும் அவரிடம் ஊறியிருக்கவில்லை.

அங்கே நடந்த ஒரு சம்பவத்தை அம்மையார் பின்னாளில் எழுதியிருக்கிறார். பாடப் பொருள்கள் இருந்த அலமாரியை அந்தப் பெண் முதல் நாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் தாமதமாக வந்து பார்த்தால், பிள்ளைகள் தாங்களே அலமாரியைத் திறந்து, அவரவருக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைத் திருட்டு என்று எண்ணிய அந்தப் பெண், பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டும் என்றார். அம்மையாருக்கு அது வேறுவிதமாகத் தெரிந்தது. பொருள்களை அறிந்து, தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று கண்டுகொண்டார். அதன்பிறகு உயரமான பூட்டு அலமாரி போய், குழந்தையின் கைக்கு எட்டும் திறந்த அலமாரி வந்தது. இன்று உலகம் முழுவதும் மாண்டிசோரி வகுப்புகளில் இருப்பது அதுதான்.

ஒரே சம்பவத்தை இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் கண்ணுக்குக் குற்றம் தெரிந்தது, மற்றவர் கண்ணுக்கு வளர்ச்சி தெரிந்தது. மாண்டிசோரி முறை என்று ஒன்று இருந்தால், அதன் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இதை எழுதும்போது நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது. 'திக்தே' என்றால் சொல்வதெழுதுதல். ஆசிரியர் நிதானமாக வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். பிறகு தப்புக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டே வருவார். பூஜ்யத்துக்குக் கீழே போக வழியில்லாததால்தான் பூஜ்யத்தில் நின்றது. எங்களுக்கு நல்ல மொழி கொடுத்தார்கள், ஒழுங்கு கொடுத்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் இடது கைக்காரன். பேனா இடது கைக்குப் போகும்போதெல்லாம் விரல் முட்டியில் ரூலால் அடி விழும். சில வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டான். பின்னாளில் தச்சுவேலையில் பேர் எடுத்தான். உளியும் சுத்தியும் அவனுடைய இடது கையில் பேசும். அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் நேரமில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்து, 1939 நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. மகன் மாரியோவும் உடன் வந்தார். அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சி வகுப்புக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மாரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

1940 ஜூன் 10-ல் இத்தாலி போரில் குதித்தது. இங்கே இருந்த இத்தாலியர்கள் எல்லாரும் ஒரே நாளில் எதிரி நாட்டார் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அம்மையாரை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். இங்கே ஒரு குடும்ப விஷயத்தையும் சொல்ல வேண்டும். மாரியோ திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளை. சிறு வயதில் வேறு குடும்பத்தில் வளர்ந்தவர். பெரியவரான பிறகும் வெளியாருக்கு உறவுக்காரப் பையன் என்றுதான் அறிமுகம். 1940 ஆகஸ்ட் 31, அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்த நாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக உங்கள் மகனை உங்களிடம் திருப்பி அனுப்புகிறோம் என்பது அதன் சாரம். 'மகன்' என்ற சொல்லை ஓர் அரசாங்கத் தந்தி வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. உலகத்துக் குழந்தைகளுக்காக உழைத்த ஒரு தாய்க்கு இந்த ஒரு சொல் கிடைக்க நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1942-ல் இருவரும் கொடைக்கானலுக்குப் போனார்கள். 1944 வரை அங்கேதான் வாசம். அங்கே ஒரு சின்னப் பள்ளி உருவாயிற்று. போரினால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாத குடும்பங்களின் பிள்ளைகளும் நம் நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். மழலைகளும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ். சிறியவன் செய்வதைப் பெரியவன் பார்ப்பான், பெரியவன் செய்வதைச் சிறியவன் பார்ப்பான். தெரியாததைக் கேட்க ஆசிரியரிடம் ஓட வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கும் அண்ணனோ அக்காவோ போதும். வகுப்புகளுக்கு நடுவே இருக்கும் தடுப்பு இடுப்பளவுக்கு மேல் போகக்கூடாது, பிள்ளைகள் இங்கும் அங்கும் போய்வர வேண்டும் என்று அம்மையார் பின்னாளில் புத்தகத்திலும் எழுதினார்.

அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் என்று மூன்று பேரைச் சொல்லலாம். அம்மையார் பார்ப்பவர். குழந்தை எதில் தன்னை மறக்கிறது, எங்கே தடுக்கிறது என்று கவனிப்பதே அவருக்கு வேலை. மாரியோ கைவேலைக்காரர். பெரிய பிள்ளைகளின் கேள்விக்கு ஏற்ப அட்டை, படம், கருவி என்று பொருளாக்கிக் கொடுத்தவர். மூன்றாமவர் இலங்கையிலிருந்து வந்த லேனா விக்ரமரத்ன. அடையாற்றில் பயிற்சி பெற்று, கொடைக்கானலில் பிள்ளைகளோடு அன்றாடம் இருந்து கற்பித்தவர். பின்னாளில் அமெரிக்கா போய் அங்குள்ள ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்.

கொடைக்கானலில் பாடப்புத்தகம் வாசலுக்கு வெளியே விரிந்து கிடந்தது. ஏரி, சோலைக்காடு, பாறை, பாசி, பறவை. இலையைப் பொறுக்கிவந்து வடிவம் பார்ப்பது தாவரவியல். பாறையைப் பார்த்துப் பூமியின் வயதைக் கேட்பது புவியியல். எல்லாம் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்தவை, புழுவுக்கும் மண்ணுக்கும் மனிதனுக்கும் ஆளுக்கொரு வேலை உண்டு என்பதை ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கதைபோலச் சொல்லும் இந்த முறைக்குப் 'பிரபஞ்சக் கல்வி' என்று பெயர். இதை விளக்கும் அம்மையாரின் நூல் 1948-ல் அடையாறு கலாக்ஷேத்ரா வெளியீடாக வந்தது.

மாண்டிசோரி ஆசிரியர்களிடையே வழிவழியாக வரும் கதை ஒன்று உண்டு. அம்மையார் இந்தியாவில் இருந்தபோது, எங்கள் நாகரிகம்தான் மிகப் பழையது என்று இங்குள்ளவர்கள் பெருமை பேசினார்களாம். அவர் மறுத்துப் பேசவில்லை. ஒரு நீண்ட கறுப்புத் துணிச் சுருளைத் தெருவில் விரிக்கச் சொன்னார். அத்தனை நீளமும் பூமியின் வயது. கடைசி நுனியில் ஒரு மெல்லிய வெள்ளைப் பட்டை. மனித குலம் முழுவதற்கும் சேர்த்து அவ்வளவுதான். வாதம் செய்யாமல் பாடம் நடத்துவது என்பது இதுதான்.

அம்மையார் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆறு வயதுக்குள் கற்பனைக் கதைகள் வேண்டாம் என்ற கட்சி அவருடையது. பாட்டி கதை கேட்டு வளர்ந்த நமக்கு அது ஒத்துவராது. குஜராத்தில் பாவ்நகரில் 1920-ல் மாண்டிசோரி வழியில் பாலமந்திரம் தொடங்கிய கிஜுபாய் பதேகாவுக்கும் ஒத்துவரவில்லை. வக்கீல் தொழிலை விட்டு ஆசிரியரான அவர், கதையையே வகுப்பின் நடுவில் வைத்தார். அம்மையார் இந்தியா வருவதற்கு ஐந்து மாதம் முன்பு, 1939 ஜூனில் அவர் காலமானார். இருவரும் இங்கே சந்தித்து இந்த விஷயத்தைப் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கிஜுபாயோடு வேலை செய்த தாராபாய் மோடக் இன்னொரு கேள்வி கேட்டார். இத்தனை விலையுள்ள மரச் சாமான்களைக் கிராமத்துப் பள்ளி எப்படி வாங்கும்? அனுதாய் வாக்கைத் துணையாகக் கொண்டு, மகாராஷ்டிரத்துப் பழங்குடி மக்களிடையே, அங்கே கிடைக்கும் பொருள்களை வைத்தே பாடப் பொருள்கள் செய்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்றார். முற்றத்தில் நடக்கும் பள்ளி, 'அங்கன்வாடி'. 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் வந்தபோது இந்தச் சொல் நாடெங்கும் பரவியது.

ஆக, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் தொடங்கி, ரோம் நகர ஏழைகளிடம் வளர்ந்து, போர்க் காவலில் இருந்தபடியே விரிந்த ஒரு கல்விமுறை இது. அம்மையாரும் மாரியோவும் இங்கே பயிற்சி கொடுத்த ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். அம்மையார் 1952 மே 6-ல் ஹாலந்தில் காலமானார். இன்று அந்தப் பெயர் வசதியுள்ளவர்களின் பலகையில் இருக்கிறது. மணிச்சரமும் மரக்கட்டையும் காசு கொடுத்தால் கிடைக்கும். பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, கை நீட்டாமல் பார்க்கத் தெரிந்த ஆசிரியர்தான் அரிது. அப்படிப்பட்டவர் பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் இருக்கவும் கூடும்.

நம்மைப் போன்ற வயதானவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. மாண்டிசோரி வகுப்பில் மரச்சட்டத்தில் துணி பொருத்தி, பொத்தான் போட்டுப் பழக வைத்திருப்பார்கள். வீட்டில் அதற்குப் பேரனின் சட்டையே போதும். நேரம் நம்மிடம் நிறைய இருக்கிறது. முதல் பொத்தான் மூன்றாவது துளையில் போய் மாட்டிக்கொள்ளும். மாட்டட்டும். கீழே வரும்போது பொத்தான் மிஞ்சும், அவனே பார்ப்பான், அவனே கழற்றி மறுபடி போடுவான். அதுவரை நம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.