பேசக் கூடாத பகைவர்

போர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வெற்றி முரசு கொட்டியதோடு எழுதுகோலைக் கீழே வைத்து விடுகின்றனர். முரசு ஓய்ந்த மறுநாள் காலையில் வென்றவனும் தோற்றவனும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்து வர நேரிடுமே, அப்போது நிகழ்ந்தது என்ன? அதனை அறிய நாம் வரலாற்றின் அடுத்த ஏட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது. 1945ஆம் ஆண்டு தோற்றுப்போன ஜெர்மனியில் நின்ற அமெரிக்கப் படைவீரர்களின் கதை அத்தகைய ஏடுகளுள் ஒன்று.

அவ்வாண்டு மே 8ஆம் நாள் ஐரோப்பாவில் போர் முடிந்தபோது அங்கிருந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர். ஜெர்மன் மண்ணில் அவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஓர் ஆணை முன்னரே பிறந்திருந்தது. 1944 செப்டம்பரில் அமெரிக்கப் படை எல்லை கடந்து உள்ளே புகுந்தபோதே, தலைமைத் தளபதி ஐசனோவர், ஜெர்மானியருடன் எவ்வகை நட்பும் கொள்ளலாகாது என்று விதித்துவிட்டார். கைகுலுக்கக் கூடாது, அவர்தம் இல்லம் ஏகக் கூடாது, உடனமர்ந்து பருகக் கூடாது, பரிசு கொடுக்கவும் கூடாது. மீறியவர்க்கு 65 டாலர் தண்டம் என்ற பேச்சுப் படையெங்கும் பரவியிருந்தது. சாதாரணச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளமே மாதம் 50 டாலர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அத்தண்டத்தின் கடுமை விளங்கும்.

இவ்வாணையை வென்றவரின் ஆணவம் என்று மட்டும் நாம் தள்ளிவிட முடியாது. அந்த ஏப்ரலில்தான் அவ்வீரர்கள் புகென்வால்டு, டாகாவ் வதை முகாம்களின் வாயில்களைத் திறந்தனர். பிணக்குவியல்களையும், உயிருள்ள எலும்புக்கூடுகளாய் நின்ற மனிதர்களையும் கண்டனர். முகாம் மதிலுக்கு அப்பால் அமைதியாக வாழ்ந்திருந்த மக்களோடு மறுநாளே கைகோப்பது இறந்தோர்க்கு இழைக்கும் துரோகம் அன்றோ? இவ்வினா நியாயமானதே.

ஆயினும் ஆணை நெடுநாள் நிலைக்கவில்லை. அதனை முதலில் உடைத்தவர்கள் குழந்தைகள்! இடிபாடுகளுக்கிடையே ஓடி வந்து கை நீட்டும் சிறுவனிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வீரர்களால் இயலவில்லை. சட்டைப் பையிலிருந்த சாக்லேட்டும் சூயிங்கமும் சின்னஞ்சிறு கைகளுக்கு மாறின. 1945 ஜூனில், சிறு குழந்தைகளுடன் பழகுவது குற்றமன்று என்று மேலிடம் இறங்கி வந்தது. ஜூலையில் தெருக்களிலும் பொது இடங்களிலும் பெரியவர்களுடன் பேசவும் இசைந்தது. அக்டோபர் முதல் நாளில், ஜெர்மானியர் வீடுகளில் உடன் தங்குவதற்கும் அவர்களை மணப்பதற்கும் உரிய தடைகளே எஞ்சின. 1946 டிசம்பரில் திருமணத் தடையும் நீங்கிற்று.

இதனை அன்பின் வெற்றி என்று பாடிவிட நமக்கும் ஆசைதான். ஆனால் வரலாறு அவ்வளவு இனிமையானதன்று. 1946 ஏப்ரலில் அமெரிக்கப் பகுதியில் ஒரு ஜெர்மானியருக்கு அளிக்கப்பட்ட பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு 1,275 கலோரியாகக் குறைந்தது. மார்க் நாணயம் மதிப்பிழந்திருந்தது, சிகரெட்டே நாணயமாயிற்று. படைக்கடையில் ஒரு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த பத்துப் பெட்டிச் சிகரெட், கள்ளச் சந்தையில் ஒரு தொழிலாளியின் பல மாதக் கூலிக்கு விலைபோயிற்று. குடும்பத்தின் கடிகாரமும் கம்பளமும் ரொட்டிக்காகக் கைமாறின. இத்தகைய நாளில் ஒரு பெண் ஒரு வீரனின் கையைப் பற்றினாள் என்றால், பற்ற வைத்தது காதலா, பசியா என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? விருப்பமின்றி வன்முறைக்கு இரையான பெண்களும் இருந்தனர் என்பதற்கு அப்படையின் இராணுவ நீதிமன்றப் பதிவுகளே சான்று.

வீரர்களின் மனமோ ஊரையே நாடியது. கப்பல் வரும், வீடு சேர்வோம் என்று நாளெண்ணிக் காத்திருந்தவர்களை, 1946 ஜனவரியில் வந்த அறிவிப்பு கொதித்தெழச் செய்தது: வீடு திரும்புவோர் எண்ணிக்கை குறைக்கப்படுமாம்! பிலிப்பைன்சின் மணிலாவில் ஏறத்தாழ 20,000 வீரர்கள் திரண்டனர். ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் தளபதியின் தலைமையகம் நோக்கி ஊர்வலம் நடந்தது. நம் கல்கத்தாவில் இருந்த அமெரிக்க வீரர்களும் குரல் எழுப்பினர். வென்ற படையும் ஏக்கத்தில் வாடியது.

எல்லாவற்றினும் நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. இனவெறியை வீழ்த்திச் சமத்துவம் கற்பிக்க வந்த அப்படைக்குள்ளேயே கறுப்பின வீரர்களுக்குத் தனிப் பிரிவு, தனித் தங்குமிடம். தம் தாயகத்தின் பல மாநிலங்களில் வெள்ளையரோடு ஒரே மேசையில் அமர முடியாதிருந்த அவ்வீரர்கள், தோற்ற நாட்டின் தெருக்களில் ஒப்பீட்டளவில் தலைநிமிர்ந்து நடந்தனர். என்னே விந்தை! ஆனால் ஜெர்மன் பெண்ணை மணக்க விழைந்த கறுப்பின வீரருக்கு மேலதிகாரிகள் பெரும்பாலும் இசைவு மறுத்தனர். தந்தையர் கப்பலேறினர், 1950களின் நடுவில் மேற்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 5,000 குழந்தைகள் தம் தோல் நிறத்தின் பொருட்டுச் சுட்டிக் காட்டப்பட்டு வளர்ந்தனர். படைக்குள் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலை 26ஆம் நாளில்தான். அது நடைமுறைக்கு வர மேலும் சில ஆண்டுகள் சென்றன.

பகைவனோடு பேசாதே என்று விதித்த ஆணை, ஒரு குழந்தையின் நீட்டிய கைக்கு முன் சில வாரங்களில் தளர்ந்தது. தன் தோழனைத் தனியே வைத்த விதியோ அத்தனை எளிதில் தளரவில்லை. பிறர் நாட்டின் கோட்டைகளைத் தகர்ப்பதினும் தன் உள்ளத்து மதிலைத் தகர்ப்பது அரிது என்பதை அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் நாம் உணர்கிறோம்.