சேர்ந்த ஆண்டே எமது கணக்கு
மன்னார்க் கரையின் விடுதி மாணவியர்: ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்க் கரையின் பெண்கல்வி வரலாறு, அக்கரையின் வீதிகளின் வரலாற்றோடு சேர்த்து எழுதப்பட வேண்டியது. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு ஏறத்தாழ 18 மைல். தீவைக் கடந்து பெருநிலத்துக்குப் போனால் முருங்கன், நானாட்டான், அடம்பன், இலுப்பைக்கடவை என ஊர்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில் கிடக்கின்றன. மாரியிலே வெள்ளம் வீதியை மறிக்கும். கரையோரக் குடும்பங்கள் பல, சோளகத்துக்கு ஒரு கரை, வாடைக்கு ஒரு கரை என்று வாடி மாறித் தொழில் செய்தன. இந்நிலையில் ஆண்பிள்ளை எப்படியாவது தொற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவான். பெண்பிள்ளையின் படிப்பு ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேலே படிக்க அவளுக்கு இருந்த வழி விடுதி. எம்மவர் வாயில் அது 'போடிங்'.

போடிங்கிலே வளர்ந்தவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று கேட்டால், வைத்தியர் இத்தனை பேர், பட்டதாரிகள் இத்தனை பேர், அதிபர்கள் இத்தனை பேர் என்று பட்டியல் தருவது நூற்றாண்டு மலர்களின் வழக்கம். அந்தப் பட்டியலில் நமக்கும் பெருமை உண்டு. ஆயினும் இக்கரையின் நூறு ஆண்டுகளை நினைத்துப் பார்ப்பவர்க்கு அது பாதிக் கதையே என்பது விளங்கும். மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்ல இக்கட்டுரையில் முயல்கின்றோம்.

முன்னோடிகள்

வட இலங்கையில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது உடுவில். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824ஆம் ஆண்டு அதனைத் தொடங்கினார். மகளைப் பள்ளியில் தங்கிப் படிக்க விடுவதற்கே பெற்றோர் தயங்கிய காலம் அது. பின்னர் 1840 முதல் 1879 வரை அங்கே தலைமை தாங்கிய எலைசா அக்னியூ அம்மையாரை 'ஆயிரம் பிள்ளைகளின் தாய்' என்றார்கள். அவரிடம் படித்தவர்கள் குடாநாட்டின் ஊர்ப் பள்ளிகளிலே ஆசிரியைகளாகப் பரவினார்கள். விடுதியில் படித்த பெண் ஊருக்குத் திரும்பி அங்கே கற்பிப்பாள் என்ற வழி அப்போதே பிறந்துவிட்டது.

கத்தோலிக்கர் மத்தியில் இப்பணி திருக்குடும்பக் கன்னியரோடு வேரூன்றியது. பிரான்சின் போர்தோ நகரில் 1820ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அச்சபையின் சகோதரிகள் 1862இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். 1981இல் தனி மறைமாவட்டம் ஆகும் வரை மன்னார் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்கே உட்பட்டிருந்தது. ஆகவே கன்னியர்மடக் கல்வியின் பழக்கவழக்கங்கள் யாழ்ப்பாணத்திலிருந்தே எம் கரைக்கு வந்தன: காலைப் பூசை, படிப்பு மணி, தையல் வகுப்பு, பேச்சடங்கிய இரவுச் சாப்பாடு, மாதத்துக்கு ஒருமுறை பெற்றோர் வருகை. மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளையும் கட்டுக்கரைக் குளத்து வயற்காரரின் பிள்ளையும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடக் கற்றது அங்கேதான். றங்குப் பெட்டிக்குள் ஒருத்தி கொண்டுவந்த பனாட்டை எல்லோருமாகப் பங்கிட்டதை எந்தத் தலைமுறையைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அக்காலத்தில் விடுதியை விட்டுச் சென்றவர்க்கு முன்னே மூன்று பாதைகள் இருந்தன: ஆசிரியை, கன்னியாஸ்திரி, இல்லத்தரசி. மூன்றாவதை ஒரு தொழிலாக எவரும் எழுதுவதில்லை. ஆனால் ஊரிலே கடிதம் வாசிக்கத் தெரிந்த, மனு எழுதத் தெரிந்த, கூப்பன் கடைக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு பெண் இருந்தால் அந்தத் தெருவே அவளிடம்தான் வரும்.

புகையிரதம் திறந்த வழி

1914ஆம் ஆண்டு மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான பெரும் போக்குவரத்து எம் தீவின் நடுவாலே சென்றது. அதனால் விளைந்த நன்மை சிறிதன்று. பேசாலை, தோட்டவெளி, முருங்கன், மடு வீதி என்று புகையிரதம் நின்ற இடங்களிலிருந்து பிள்ளைகள் தவணைக்குத் தவணை வந்து போக வழி பிறந்தது. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, எம் கரையையும் உலுக்கிச் சென்றது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடிற்று. எண்பதுகளில் அதுவும் நின்றது.

இலவசக் கல்வியும் அதன் பின்னும்

1945ஆம் ஆண்டு கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, விடுதிப் பிள்ளையின் வாழ்க்கையை மாற்றியது. பள்ளிக் கட்டணம் ஒழிந்தபின் பெற்றோருக்கு மிஞ்சியது விடுதிச் செலவு மட்டுமே. அதையும் சிலர் நெல்லாகவும் கருவாடாகவும் கொடுத்துத் தீர்த்தார்கள். எஸ்.எஸ்.சி. சித்தியடைந்த மாணவியர் ஆசிரிய கலாசாலைகளுக்கும் கொழும்பிலே தாதியர் பயிற்சிக்கும் போனார்கள். மருத்துவிச்சிகளாகவும் தபாற் கந்தோர் அலுவலர்களாகவும் சிலர் வந்தார்கள்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அரசாங்க எழுதுவினைஞர் வேலையில் நிலைப்பதற்கும் உயர்வதற்கும் சிங்களத் தேர்ச்சி வேண்டும் என்றாயிற்று. ஆங்கிலம் கற்று அலுவலகம் போகலாம் என்றிருந்த பாதை எம்மவர்க்கு ஒடுங்கியது. தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஆசிரியத் தொழில் மட்டும் திறந்திருந்தது. மன்னார் விடுதிகளில் படித்தவர்களிலே ஆசிரியைகள் இவ்வளவு பேர் எப்படி வந்தார்கள் என்று இளையோர் கேட்பதுண்டு. சேவை மனப்பான்மை ஒரு காரணம். வேறு கதவுகள் சாத்தப்பட்டமை இன்னொரு காரணம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பாடசாலை அரசினுடையதாக, அருகிலிருந்த விடுதி பல இடங்களில் கன்னியரின் பொறுப்பிலேயே தொடர்ந்தது. ஒரே வளவுக்குள் இரண்டு நிர்வாகம். அதிபரும் மதரும் ஒத்துப்போன இடங்களில் பிள்ளைகளுக்குக் குறையொன்றும் இருக்கவில்லை.

எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. 1974 முதல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து மாணவர்க்கு அது பேரிழப்பாக, வசதி குறைந்த மாவட்டம் என்ற கணக்கில் மன்னாருக்கு ஒரு சிறு வாசல் திறந்தது. இதனை மனத்தாங்கலின்றி இன்று சொல்லலாம். ஆய்வுகூட வசதி போதாமையால் விஞ்ஞானம் படிக்க விரும்பியவர்கள் இரண்டாவது விடுதி ஒன்றைத் தேடி யாழ்ப்பாணம் போனார்கள். பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு, பதினாறில் மாவட்டத்தையும் விட்டுப் படித்தவர்களே எமது முதலாவது வைத்தியர்களும் விஞ்ஞானப் பட்டதாரிகளும். 1974இல் யாழ்ப்பாண வளாகமும் 1978இல் அதன் மருத்துவ பீடமும் தொடங்கியமை அவர்களுக்குக் கைகொடுத்தது. கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் 5 சதவீத இடங்களில் மன்னாருக்கு இன்றும் பங்கு உண்டு.

1990

அவ்வாண்டு யூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்ந்தது. மடுவிலும் பேசாலையிலும் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையகம் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. எத்தனையோ குடும்பங்கள் இரவோடிரவாக வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் பதிவுசெய்து, அங்கிருந்து தமிழ்நாட்டின் முகாம்களுக்குப் பிரிந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் எமது வகுப்புத் தோழிகள் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். உடுத்த உடுப்போடு போனவர்களிடம் விடுகைப் பத்திரம் எங்கிருந்து வரும்?

எமது சங்கத்தின் பதிவேட்டுக்கு இது முக்கியமான கேள்வி. சாதாரண தரப் பரீட்சை எழுதி, சான்றிதழ் பெற்று, பிரியாவிடையோடு போனவர்களை மட்டும் பழைய மாணவி என்று எண்ணினால், ஒரு தலைமுறையின் பெரும்பகுதி எமது கணக்கில் இல்லாமற் போய்விடும். எட்டாம் வகுப்போடு கடல் கடந்தவர், ஒன்பதாம் வகுப்பில் புத்தளம் போனவர், மடுவில் மர நிழலில் இருந்து மீதியைப் படித்தவர் யாவரும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பார்கள்.

அவர்கள் செய்தது சிறிய வேலையா? தமிழ்நாட்டு முகாம்களில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பிள்ளைகளுக்கு வகுப்புகள் நடத்தியபோது, கற்பித்தவர்கள் முகாமிலிருந்த ஏதிலியரே. உயர்தரம் வரை படித்த பெண்பிள்ளை அங்கே ரீச்சர் ஆனாள். புத்தளத்தில் இடம்பெயர்ந்த பிள்ளைகள் மாலை நேரப் பாடசாலைகளில் படித்தபோதும் அப்படியே. மன்னாரிலிருந்து அவ்வாண்டு வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான ஷிரீன் சரூர், பின்னர் இம்மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் பெண்களை ஒன்றாக இருத்தி மன்னார் மாதர் அபிவிருத்தி ஒன்றியத்தைக் கட்டியெழுப்பியதை நாடறியும். போனவர்கள் இக்கரையை விட்டுவிடவில்லை என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று.

கரையிலேயே நின்றவர்களையும் மறக்கலாகாது. பாதை பூட்டியிருந்த காலத்தில் சம்பளம் மாதக்கணக்கில் தாமதித்து வந்தபோதும் வகுப்பை நடத்திய ஆசிரியைகள், மருந்தில்லாத ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த மருத்துவிச்சிகள், கணவனை இழந்து வலை முடைந்தும் கருவாடு காயவைத்தும் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் ஆகியோருக்குப் பெரிய பதவிப் பெயர் கிடையாது. ஆனால் யுத்தம் முடிந்து 2010இல் புதிய பாலமும் 2015இல் தலைமன்னார்ப் புகையிரதமும் திரும்பி வந்தபோது, இங்கே பள்ளிக்கூடங்கள் திறந்தே இருந்தன என்றால் அவர்களால்தான். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கி 2018இல் முதன்முறையாகத் தேர்தல் நடந்தபோது வேட்பாளராக முன்வந்தவர்களிலும் இத்தகைய பெண்கள் இருந்தார்கள்.

பதிவேடு எப்படி அமைய வேண்டும்

ஆகவே நூற்றாண்டுப் பதிவேடு விடுகை ஆண்டின்படி அல்லாமல், சேர்ந்த ஆண்டின்படி அமைய வேண்டும் என்பது எமது கருத்து. சேர்வு இடாப்பிலே ஒரு நாள் பெயர் எழுதப்பட்டவர் எம்மவர். ஒரு தவணை இருந்து போனவரும் எம்மவர். பெயருக்கு எதிரே நான்கு விபரங்கள் போதும்: சேர்ந்த ஆண்டு, சொந்த ஊர், இறுதியாகப் படித்த இடம், செய்த வேலை. கடைசி நிரலில் வைத்திய நிபுணர் என்று ஒருவர் எழுதலாம், வீட்டு வேலை என்று இன்னொருவர் எழுதலாம், குவைத்தில் பணிப்பெண் என்று மற்றொருவர் எழுதலாம். எல்லாம் ஒரே அளவு எழுத்தில் அச்சாக வேண்டும்.

இதை அலுவலகத்தில் இருந்து எழுதி முடிக்க இயலாது. யுத்தத்தில் காகிதங்கள் அழிந்தன, பெயர்கள் நினைவிலேதான் இருக்கின்றன. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் யார், சாப்பாட்டுப் பந்தியில் எதிரே இருந்தவர் யார், எந்த ஊர், கடைசியாக எங்கே கண்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். இந்தியா போனவரின் பெயரை மண்டபத்தில் கூட இருந்தவர் தரட்டும். புத்தளம் போனவரின் பெயரைப் புத்தளத்துத் தங்கைமார் தரட்டும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் அக்காமார் தங்கள் வகுப்புப் படங்களைத் தேடிப் பின்பக்கத்திலுள்ள பெயர்களை அனுப்பி உதவட்டும். மூத்தோர் நம்மோடு இருக்கும்போதே இது நடந்தாக வேண்டும். எமது சங்கம் இந்த நூற்றாண்டில் தொடங்கி முடிக்க வேண்டிய முதல் வேலை இதுவே.