ஒரே ஆசிரியர், மூன்று வழிகள்

யோகாசனத்தை ஒருவர் விரைவாகவும் மற்றொருவர் நிதானமாகவும் கற்பிப்பதைக் கண்டு, எது சரியான முறை என்று நீங்கள் திகைத்ததுண்டா? புகழ்பெற்ற மூன்று முறைகள் ஒரே ஆசிரியரிடமிருந்து கிளைத்தவை என்றால் வியப்பீர்கள்.

அவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). மைசூர் மன்னரின் ஆதரவில் 1933 முதல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகம் கற்பித்தார். துடிப்புள்ள சிறுவர்களுக்கு, மூச்சோடு இணைந்து அடுத்தடுத்துச் செய்யும் ஆசன வரிசைகளை அளித்தார். பட்டாபி ஜோயிஸ் அவ்வழியைத் தொடர்ந்தார். இளமையில் நோய்களால் மெலிந்திருந்த மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார், பிற்காலத்தில் புனேயில் கயிறு, பலகை, நாற்காலி ஆகியவற்றின் துணையோடு உடல் நிலையைச் செம்மையாக்கும் முறையை வகுத்தார். 1950-களில் சென்னைக்கு வந்த ஆசிரியர், நோயாளிகளுக்கு அவரவர் உடலுக்கேற்பப் பயிற்சியை மாற்றினார். அது மகன் தேசிகாச்சாரின் வழியாயிற்று.

ஆகவே, எது உயர்ந்தது என்று கேளாதீர்கள். என் உடலுக்கு எது ஏற்றது என்று கேளுங்கள்.