பொருளின் தாழ்வும் பார்வையின் உயர்வும்
சார்டினின் ஓவியங்கள் பற்றிய ஒரு நோக்கு

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் ஓவியமொன்றின் தகுதி, அது சித்திரித்த பொருளைக் கொண்டே அளக்கப்பட்டது. 1648 இல் நிறுவப்பட்ட அரச ஓவிய சிற்பக் கழகம் வரலாறு, புராணம், சமயம் ஆகியவற்றைக் கூறும் ஓவியங்களை உச்சியில் வைத்தது. பழங்களையும் பாத்திரங்களையும் வரையும் அசையாப்பொருள் ஓவியம் அடிப்படியிற் கிடந்தது. மனித உருவமே இறைவனின் நிறைவான படைப்பு என்பது இவ்வரிசைக்குக் கற்பிக்கப்பட்ட நியாயமாகும்.

அவ்வடிப்படியில் நின்றே புகழ் பெற்றவர் சார்டின் (1699-1779). பாரிஸ் நகரத் தச்சர் ஒருவரின் மகனான இவர், விலங்குகளும் பழங்களும் வரைபவர் என்ற தகுதியிலேயே 1728 இற் கழகத்திற் சேர்க்கப்பட்டார். அப்போது அவர் அளித்த ஓவியங்களுள் ஒன்று ‘திருக்கை’. வயிறு கீறப்பட்டுத் தொங்கும் மீன், சிப்பிகள் மீது முதுகு வளைத்து நிற்கும் பூனை, கத்தி, சாடி என்பனவே அதன் பொருள்கள். இவற்றுள் வீரமுமில்லை, புராணமுமில்லை.

சார்டின் மெதுவாக வரைந்தவர். ஒரே பாத்திரங்களையே பல படங்களிலும் மீண்டும் மீண்டும் வரைந்தவர். 1760 அளவில் வரைந்த ஓர் ஓவியத்தில் நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையும், கோப்பிப் பாத்திரமும், சில உள்ளிகளுமே உள. அருகிற் சென்றால் தடித்த வண்ணத் திட்டுகளே தெரியும். விலகி நின்றால் அவை ஒன்றிணைந்து உருப்பெறும். விமரிசகர் திதரோ வியந்து போற்றியது இத்திறனையே.

சார்டினை ‘மக்கள் ஓவியர்’ எனக் கொள்ளலாமா? இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சமையலறைப் பணிப்பெண்ணையும் எளிய குடும்பத்தையும் அவர் பரிவோடு வரைந்தார். ஆயினும் உணவுக்கு முன் செபிக்கும் சிறுவரைக் காட்டும் ஓவியம் 1740 இற் பதினைந்தாம் லூயி மன்னனுக்கே வழங்கப்பட்டது. உருசியப் பேரரசி இரண்டாம் கத்தரீனும் அவரிடம் ஓவியம் பெற்றாள். அவர் கழகத்தை எதிர்த்தவருமல்லர். 1755 முதல் அதன் பொருளாளராகப் பணியாற்றியவர்.

எனவே அவரைப் புரட்சியாளர் எனல் பொருந்தாது. ஆனால் அவரது ஓவியங்கள், அவர் வாய்திறந்து கூறாத ஒன்றைக் கூறின. கலையின் உயர்வு எடுத்துக்கொண்ட பொருளில் அன்று, அதனை நோக்கும் பார்வையிலேயே உள்ளது என்பதே அது. பின்னாளில் மத்தீசு ‘திருக்கை’யைப் பார்த்து வரைந்து பயின்றமை இதனை உறுதிப்படுத்தும். கழகம் வகுத்த வரிசை இன்று வரலாற்றுச் செய்தி மட்டுமே. அவ்வரிசையின் அடியில் வைக்கப்பட்ட மீனோ இன்றும் லூவர் அரும்பொருட்சாலையிற் காண்போரைத் தடுத்து நிறுத்துகின்றது.