மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர்

இலங்கையில் நாவலொன்று தமிழ்ப் படமாக வந்ததற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 'வாடைக்காற்று'. செங்கை ஆழியானின் அந்தக் கதை 1978இல் திரைக்கு வந்தது. அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1976இல் வெளியான 'கோமாளிகள்' படத்துக்கு மூலம் புத்தகமல்ல, வானொலித் தொடர்.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையில் எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' ஏறத்தாழ ஒரு வருடம் ஒலிபரப்பானது. மரிக்காராக ராம்தாஸ், உபாலியாக எஸ். செல்வசேகரன், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், ஐயராக அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீட். இந்தப் பங்கீட்டைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும். தமிழர் ஒருவர் முஸ்லிமாகிறார். இன்னொரு தமிழர் சிங்களவராகிறார். முஸ்லிம் ஒருவர் ஐயராகிறார்.

வானொலியில் தொப்பியும் குடுமியும் உதவாது. ஆள் யார் என்பதைப் பேச்சு ஒன்றுதான் காட்டவேண்டும். சிங்களப் பேச்சு வழக்கில் நான், நீ, அவன் எல்லோருக்கும் வினை ஒன்றேதான். அந்தப் பழக்கத்தோடு தமிழுக்கு வருகிறவர் "நான் போறது, அவர் போறது" என்பார். கொழும்பு முஸ்லிம் வீட்டில் "ஈக்கிது" என்பார்கள். யாழ்ப்பாணத்தார் "இஞ்சை வாரும்" என்று கூப்பிடுவார். கொழும்பின் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் ஒரு றாத்தல் பாண் வாங்கித் திரும்புவதற்குள் இத்தனையும் காதில் விழும். கேலிக்கு வழக்குப் பேச்சு சுலபமான இரை. ஆனால் இங்கே நால்வருமே கோமாளிகள்; ஒருவர் பேச்சு உயர்த்தி, மற்றவர் பேச்சு தாழ்த்தி என்பதற்கு அந்தத் தலைப்பே இடம் வைக்கவில்லை. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. எழுபதுகளில் இந்தியப் படங்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் உள்ளூர்ப் படத்துக்குத் துணிந்து பணம் போடச் சிலர் முன்வந்தார்கள். 'கோமாளிகள்' படத்தை எம். முகம்மது தயாரிக்க, எஸ். ராமநாதன் இயக்க, ராம்தாஸே திரைக்கதை எழுதினார். வானொலியின் நால்வரும் நடித்தார்கள். சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் ஆனந்தராணியும் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்து சிரித்தவர்கள் ஆளாளுக்கு ஒரு மரிக்காரை மனதில் வரைந்து வைத்திருப்பார்கள். நாவலைப் படமாக்குகிறவருக்கு உள்ள அதே சோதனை இவர்களுக்கும் இருந்தது: திரையில் வரும் முகம் அந்த முகத்தை வெல்லவேண்டும். ஒரு வசதி மட்டும் கூடுதல். குரல் மாறவில்லை. வாய் திறந்தவுடன் இவர்தான் அவர் என்று தெரிந்துவிடும்.

அதே 1976 மே மாதம்தான் தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம். மறுவருடம் ஆகஸ்டில் இனக்கலவரம். 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடுகள் எரிந்தன. ஹெந்தளையில் விஜயா சினிமா ஸ்டூடியோவும் எரிந்தது. தமிழர் இருவர் உபாலியாகவும் மரிக்காராகவும் பேசி நாட்டைச் சிரிக்கவைத்தது இவ்வளவு நெருப்புக்கு இவ்வளவு கிட்டத்தில் என்பதை நினைக்கும்போது அந்தப் படத்தின் மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

பாத்திரங்கள் திரையோடு நிற்கவில்லை; நடிகர்களின் பெயருக்குள்ளேயே போய்க் குடியேறின. மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்றுதான் பிறகு இரசிகர்களும் பத்திரிகைகளும் அவர்களை அழைத்தார்கள். ஐயர் மட்டும் ஒட்டவில்லை. அப்துல் ஹமீட் என்ற பெயர் ஏற்கெனவே கடல் கடந்து தமிழ்நாட்டு வீடுகள்வரை பழகிய பெயர். அதற்கு முன்னால் இன்னொரு பெயர் நிற்க இடமிருக்கவில்லை.