'வம்சாவளி' என்ற சொல்லும் நம் பிள்ளைகளின் துணைப்பாடமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் நம் பிள்ளைகள் கல்லூரியில் சேரும்போது வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? நியாயமான கேள்வி. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற குடும்பம் வேறு எதைக் கேட்கும்? அதனால் சர்வதேச உறவுகள், உலகப் பண்பாடுகள் போன்ற துணைப்பாடங்களை யாரும் மதிப்பதில்லை. தேர்வுக்கு முந்தின இரவு நோட்ஸைப் புரட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணலுக்கு முதன்மைப் பாடம் பொருளாதாரம். கூடவே சமூகவியல், வரலாறு, தத்துவம், மானுடவியல் ஆகியவற்றையும் படித்தார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில்தான் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. அகமணமுறையே சாதியின் சாரம் என்று அவர் நிறுவியது முதன்மைப் பாடத்தில் அல்ல, பக்கத்தில் எடுத்துக்கொண்ட பாடத்தில்.

அந்தப் பார்வையை அவர் கடைசிவரை விடவில்லை. 1946இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதிகளைக் கேட்டு டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாத மக்களும் அப்படியொரு மனு அளிப்பது பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

அதே 1946இல் தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்படும் விதம் குறித்து இந்தியா ஐ.நா.வில் முறையிட்டது. இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது தென்னாப்பிரிக்கா. இந்தியா ஏற்கவில்லை. 1965இல் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை உருவானபோது, அதன் முதல் பிரிவில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் இந்தியாதான்.

1996இல் ஐ.நா. குழு, அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்றது. இந்தியா மறுத்தது. 2001இல் டர்பன் மாநாட்டுக்குத் தலித் இயக்கத்தவர் திரளாகச் சென்று சாதியையும் சேர்க்கக் கோரினர். சாதி உள்நாட்டு விவகாரம் என்றது தில்லி. தென்னாப்பிரிக்கா அன்று பேசிய அதே வசனம், அதுவும் தென்னாப்பிரிக்க மண்ணிலேயே! ஆனால் 2002இல் குழு தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில், வம்சாவளிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று எழுதிவைத்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர் முன்னிலையிலேயே இறையூர் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும் அம்பலமானது. வழக்கு சிபிசிஐடியிடம் போய், 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை பாதிக்கப்பட்ட மக்களில் மூவரையே குற்றவாளிகள் என்றது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை.

குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010இலேயே தீர்மானம் போட்டிருக்கிறது. மேலே சொன்ன ஐ.நா. குழு அரசுகள் தரும் அறிக்கையை மட்டும் வாசிப்பதில்லை, மக்கள் அமைப்புகள் தரும் மாற்று அறிக்கைகளையும் வாசிக்கிறது. 2007இல் இந்தியாவை அது ஆய்வு செய்தபோது தலித் அமைப்புகளின் அறிக்கைகளும் அதன் முன் இருந்தன. அப்படியோர் அறிக்கை எழுத உடன்படிக்கையின் பிரிவுகள் தெரிய வேண்டும், அரசு முன்பு என்ன சொன்னது என்பது தெரிய வேண்டும், வேங்கைவயலும் தெரிய வேண்டும். முதல் இரண்டும் அந்தத் துணைப்பாடத்தில் வருகிறவை. மூன்றாவதை நம் பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தர வேண்டியதில்லை.